விளக்குக்கு வைத்த எண்ணெய்

கோபியின் கார் போன வழியில் கொஞ்ச நேரத்துக்குப் பஜ்ஜிக்கடை வாசனை நிற்கும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கிழட்டு டீசல் வண்டி. ஓடின தூரத்தைக் காட்டுகிற மீட்டரே அலுத்துப்போய் எப்போதோ நின்றுவிட்டது. டீசல் விற்கிற விலையில் அதற்குத் தீனி போட முடியாதென்று, விக்கிரவாண்டி பக்கத்து ரோட்டோரக் கடைகளில் வடை சுட்டு மிஞ்சுகிற எண்ணெயை வாங்கிவந்து, பழைய வேட்டியில் வடிகட்டி, டீசலோடு கலந்து ஊற்றுவான். வண்டி இருமும், உதறும், நீலமாகப் புகை கக்கும். ஆனாலும் விழுப்புரத்துக்கு ஆள் ஏற்றிப் போய் வந்துவிடும். கஞ்சப்பயல் என்று பேர்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே, அந்த வண்டியில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது.

அன்றைக்குக் காலையில் ஷெட்டுக்குள் சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அதுவே சரியில்லை. நாலு தடவை கெஞ்சாமல் அது என்றைக்கும் எழுந்ததில்லை. புகையும் இல்லை, உதறலும் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடியது. கோபி இறங்கிப் பின்பக்கம் போய்க் குனிந்து மோந்து பார்த்தான். பஜ்ஜி வாசனை வரவில்லை. ஊதி அணைத்த விளக்கிலிருந்து வருமே, எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து கருகி, தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்கிற அந்தத் திரி நாற்றம். அதுதான் ஷெட் முழுக்க நின்றது.

பெண்டாட்டி அம்சா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். "ஏங்க, சாமி வெளக்கு எதுனா அணைஞ்சிடுச்சா? இப்பிடி நாறுது."

"வண்டி புகைடி. நீ போயி வேலைய பாரு."

சொல்லிவிட்டு டேங்க் மூடியைத் திறந்து பார்த்தான். முந்தின நாள் சாயந்திரம் டேங்கில் என்ன ஊற்றினான் என்று அவனுக்குத்தானே தெரியும்.

அது பெரியப்பாவுக்கு வைத்த எண்ணெய்.

பெரியப்பா அப்பாதுரைக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கோபி வீட்டு முன்னறையில்தான் கடைசிவரை கிடந்தார். தங்கமான மனுஷன் என்று சொன்னால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். வைத்த சோற்றைத் திட்டுவார், வைத்தவளைத் திட்டுவார், கொஞ்ச வந்த குழந்தையைக் கிள்ளுவார். மத்தியானமானால் ஷெட்டில் நிற்கிற காரில் ஏறி, பின்சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்துகொண்டு, ரெண்டு தரம் கனைத்துவிட்டு, "கௌம்பலாமா?" என்பார். எங்கே என்று கேட்டால் பதில் வராது. டீசல் இல்லையென்று கோபி சொன்னால், வெற்றிலைச் சாற்றைச் சீட்டிலேயே துப்பிவிட்டு, "நான் போறப்ப தனியா போவ மாட்டன்டா. இந்த வூட்லருந்து ஒரு உசுர கூட்டிக்கினுதான் போவேன்" என்பார்.

செத்தது சனிக்கிழமை. அந்தப் பக்கத்தில் சனிக்கிழமை சாவென்றால் பாடையில் உயிரோடு ஒரு கோழியைக் கட்டி அனுப்புவார்கள், செத்தவருக்குத் துணையாக. இல்லாவிட்டால் அவர் வீட்டிலிருந்து வேறு துணை தேடுவாராம். அவசரத்துக்கு வீட்டில் இருந்தது மகள் சங்கவியின் செவலைக் கோழிதான். முட்டையிலிருந்து வந்த நாளிலிருந்து மடியில் வைத்து வளர்த்தது. ரெண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, வாசலில் விழுந்து புரண்டு அழுதாள். தாத்தா செத்ததற்கு அழுகிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. கோழியின் காலில் வெள்ளை நூலை முறுக்கிக் கட்டி, மறுமுனையைப் பாடை மூங்கிலில் முடிந்தார்கள். பாதி வழியில் பாடையை இறக்கித் திருப்பி வைக்கிறபோது, கொள்ளிச் சட்டியோடு முன்னால் நின்ற கோபி, வேட்டியைச் சரி பண்ணுகிற மாதிரி குனிந்து அந்தக் கால் முடிச்சை உருவிவிட்டான். கோழி, வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குள் ஓடிவிட்டது. இன்னொரு கோழி பிடிக்கலாமென்று யாரோ சொன்னார்கள். நேரமாகிறது என்று இவன்தான் தட்டிக்கழித்தான். வெறும் நூல் மட்டும் புழுதியில் இழுபட்டுக்கொண்டே சுடுகாடு வரைக்கும் போயிற்று. கோழி இருட்டினதும் தானாக வீடு வந்து சேர்ந்தது.

பிள்ளைமேல் இருந்த பாசத்தில் செய்தான், சரி. எண்ணெய் விஷயத்துக்கு என்ன சாக்கு? சொந்தக் கொல்லையில் விளைந்த மல்லாட்டையை ஆட்டி, ஒரு டின் எண்ணெயை முன்னறை விளக்குக்கென்று தனியாக வைத்திருந்தார்கள். செத்தவர் தலைமாட்டில் ஏற்றின விளக்கு கருமாதி வரை அணையக் கூடாது. அவர் அந்த வெளிச்சத்தில்தான் வந்து உட்கார்ந்திருப்பார் என்பார்கள். மிஞ்சுகிற எண்ணெயை ஏரியில் ஊற்றிவிட வேண்டும். கோபிக்கு மனசு வரவில்லை. இவ்வளவு நல்ல எண்ணெயைத் தண்ணீரில் கொட்டுவதா? விளக்குக்குப் பாமாயில் பாக்கெட்டை உடைத்து ஊற்றினான். ஒரு விடியற்காலையில் அது அணைந்தும் போயிற்று. யாரும் பார்ப்பதற்குள் லைட்டரால் பற்றவைத்தான். கருமாதி முடிந்ததும் டின்னில் பாதியை டேங்கில் கவிழ்த்து, மீதியை டிக்கியில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

அடுத்த சில நாட்கள் வண்டி ராஜா மாதிரி ஓடியது. டீசல் முள் இறங்கவே இல்லை. மெக்கானிக் விருத்தாசலம் போன மாதம்தான் எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தள்ளிவிட்டுக் கேஸ் வண்டி வாங்கு என்று பயமுறுத்தியிருந்தார். ரிப்பேராவது மண்ணாவது என்று கோபி மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

ஆனால் ஏறுகிற ஆட்கள் ஒரு மாதிரி உட்கார்ந்தார்கள். பின்னால் ரெண்டே பேர் இருந்தாலும் வலது ஜன்னலோரமாக ஒருத்தர்மேல் ஒருத்தர் இடித்துக்கொண்டு ஒண்டினார்கள். இடதுபக்கம் அப்படியே காலியாக இருக்கும். தள்ளி உட்காருங்களேன் என்றால், "இருக்கட்டும்பா, இப்பிடியே வர்றோம்" என்பார்கள். ஏனென்று அவர்களுக்கும் தெரியவில்லை. பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டவர்களும் உண்டு. வண்டி இடதுபின்பக்கம் சரிந்து நின்றது. டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது. அந்தச் சீட்டில் தலை சாய்க்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை ஊறியிருந்தது, பிணத்துக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டின தலை சாய்ந்த மாதிரி. சோப்புப் போட்டுத் தேய்த்தான். மறுநாள் மறுபடி ஈரமாக இருந்தது.

ஒன்றைக் கவனித்தான். எஞ்சின் ஓடுகிறவரை ஒன்றும் இல்லை. சாவியைத் திருப்பி அணைத்ததும்தான், எஞ்சின் சூடு டிக் டிக்கென்று ஆறுகிற சத்தத்துக்கு நடுவே, சீட்டு ஸ்பிரிங் மெல்லக் கிறீச்சிடும். யாரோ எழுந்திருக்கிற மாதிரி. பிறகு தொண்டை கனைக்கிற சத்தம். ரெண்டு தரம். உடனே கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் ஓடிவிடுவான்.

எரிகிறவரை உட்கார்ந்திருக்கிறார். அணைந்தால் எழுந்துகொள்கிறார். அவன் மனசு இப்படிச் சொன்னதுமே, சீ, இதென்ன பேஜாரு என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமை சங்கவியைப் பள்ளிக்கூடத்தில் இறக்க வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். பின்சீட்டில் இருந்தவள் இறங்கவில்லை.

"எறங்கு பாப்பா. மணி அடிச்சிடுவாங்க."

"அப்பா, காலு வரமாட்டுது."

"வெளையாடாத."

"இல்லப்பா. புடிச்சி இழுக்குது."

அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. கோபி பாய்ந்து அவளைத் தூக்கினான். தூக்க முடியவில்லை. சட்டென்று முன்னால் எட்டிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. பிள்ளை அவன் கையோடு வந்துவிட்டாள். கீழே நிறுத்திச் சாக்ஸை இறக்கிப் பார்த்தான். கணுக்காலைச் சுற்றி மெல்லிய கோடு, சிவப்பாக, நூலால் இறுக்கிக் கட்டி அவிழ்த்த மாதிரி.

பெரியப்பா துணை கேட்கிறார், கோழிக்குப் பதில் கேட்கிறார் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குள் அனுப்பிவிட்டு, எஞ்சினை அணைக்காமலேயே நேராகத் திண்டிவனத்துக்கு, விருத்தாசலத்தின் பட்டறைக்கு விட்டான்.

"இன்னாடா இது, ஆள வெச்சிக்கினே வந்து நிக்கிற? எறங்கச் சொல்லு, ஜாக்கி போடணும்" என்றார் விருத்தாசலம், வண்டி சரிந்திருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு.

"யாரும் இல்லண்ணே."

கிட்டே வந்து குனிந்து பார்த்தார். முகம் மாறியது. "இன்னாத்தடா ஊத்தின?"

கோபி சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. பாதியிலேயே அவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே போய்விட்டது.

"த்தூ, மனுஷனாடா நீ? சாவு வெளக்கு எண்ணெயில வண்டி ஓட்டுவியா?" கத்தினாரே தவிர, குரல் கீழே இறங்கிவிட்டது. "எஞ்சின் எறக்குறதா, விக்கிறதா, கேஸ் வண்டிக்கு மாறுறதா, அத அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அதுல ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. டேங்க், பில்டர், பைப்பு எல்லாம் வழிச்சி எடுத்துடறேன். மிச்சம் எதுனா வெச்சிக்கினு இருந்தா, இப்பவே ஏரிக்கு எடுத்துக்கினு போயி ஊத்திடு. புரியுதா?"

எண்ணெய் வடிகிறபோது பட்டறையில் திரி நாற்றம் தாங்க முடியவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கடைசிச் சொட்டு விழுந்ததும் வண்டியின் இடதுபக்கம் தானாக மேலே எழும்பியது. வெறும் டீசல் ஊற்றிச் சாவியைத் திருப்பினால், பழையபடி நாலு தடவை கெஞ்சி, இருமி, உதறி, நீலப்புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் எழுந்தது. கோபிக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஓட்டை வண்டியின் உதறலை அவன் அதற்கு முன்னால் அவ்வளவு ஆசையாகக் கேட்டதே இல்லை.

"இந்த நெலமையில ரொம்ப நாளு ஓடாது. வழியிலயே படுத்துடும்" என்றார் விருத்தாசலம்.

"படுக்கட்டும்ணே. இந்த வாரம் ஓட்டிட்டு முடிவு பண்றேன்."

திரும்பி வருகிற வழியில் ஏரிக்கரையில் நிறுத்தி டிக்கியிலிருந்த டின்னை எடுத்துப்போனான். மூடியைத் திறந்தான். உள்ளே பொன்னாக எண்ணெய் நின்றது. புதுசாக ஆட்டின வாசனை, வறுத்த மல்லாட்டை வாசனை, வாயில் எச்சில் ஊறியது. சாய்க்கப் போனவன் கையை நிறுத்தினான். வண்டிக்கு ஊற்றினால்தானே வம்பு? எரித்தால்தானே? சும்மா ஒரு மூலையில் இருந்தால் என்ன கெட்டுப்போய்விடும்? அவன் பிறந்த குணம் அது. அந்த நேரத்திலும் விடவில்லை. டின்னை வீட்டுக்குக் கொண்டுபோய், ஷெட்டில் மல்லாட்டை மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தான்.

நாலைந்து நாள் நிம்மதியாகப் போயிற்று. சங்கவியின் கால் கோடு மறைந்தது. பஜ்ஜி வாசனையும் இல்லை, திரி வாசனையும் இல்லை, வெறும் டீசல் புகை. சனிக்கிழமை விழுப்புரத்துக்குக் கிளம்புகிறபோது அம்சா வாசல்வரை வந்தாள். "வெளக்குக்கு எண்ணெய் தீந்துபோச்சி. வரும்போது மறக்காம வாங்கியாங்க. இன்னிக்கி பெருமாளுக்கு வெளக்கு போடணும்."

"ஜல்தி வந்துடுவேன்" என்றான்.

சாயந்திரம் ஆட்களை விழுப்புரத்தில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பினான். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்பான். எஞ்சின் ஒரு தரம் உலுக்கியது. இருமியது. நின்றுவிட்டது. விருத்தாசலம் சொன்னபடியே படுத்துவிட்டது. மறுபடி எவ்வளவு கெஞ்சினாலும் அசையவில்லை. லேசாகத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மேற்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போக, ஒவ்வொரு தடவையும் வண்டி ஆடியது.

எஞ்சின் அணைந்திருக்கிறது. பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். ஸ்பிரிங் கிறீச்சிடவில்லை. கனைப்பு இல்லை. திரும்பிப் பார்த்தான். இடதுபக்கச் சீட்டு காய்ந்து கிடந்தது, கறைகூட இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. போய்விட்டார் கிழவர். ஒழிந்தார். இந்த வண்டியை நாளைக்கே எடைக்குப் போட்டுவிட்டுக் கேஸ் வண்டி ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான்.

இங்கே இல்லையென்றால் எங்கே?

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. எண்ணெய் எரிகிற இடத்தில் இருப்பார். எங்கே எரிகிறது? எங்கேயும் இல்லை. மூட்டைக்குப் பின்னால் சும்மா இருக்கிறது.

போன் அடித்தது. அம்சா, வீடியோவில்.

"எங்க இருக்கீங்க? இருட்டப் போவுது."

"டோல்கேட்டுகிட்ட வண்டி நின்னுபோச்சி. அம்சா..."

"எண்ணெய் வாங்கியாரச் சொன்னா இதான் லட்சணம். நல்லவேள, சங்கவி கண்டுபுடிச்சா. ஷெட்டுல மூட்டைக்கு பின்னாடி டின்னு ஒளிச்சி வெச்சிருக்கீங்களே! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னாவாம்? அதுலதான் ஊத்தி ஏத்தினோம். இன்னா வாசன தெரியுமா? வெளக்கு நின்னு எரியுது."

கோபி போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தான்.

"வெளக்க..." என்றான். அணைக்கச் சொல்ல வாயெடுத்தான். சொல்ல முடியவில்லை. எரிந்தால் உட்கார்ந்திருப்பார். அணைந்தால்?

"அம்சா, நான் சொல்றத கேளு. எதையும் தொடாத. அணைக்காத. அணையவும் வுடாத. பாப்பாவ தூக்கிக்கினு வெளிய போ. இப்பவே."

"இன்னாங்க ஆச்சி உங்களுக்கு? மழ பெய்யுது வெளிய. இந்தக் கோழி வேற, உள்ள வராம மதிலு மேல நின்னுக்கினு கத்திக்கினே இருக்குது. புடிச்சாந்து கூடையில போடணும். இந்தாங்க, உங்க பொண்ணுகிட்ட பேசுங்க."

"அம்சா, போவாத! அவள தூக்கு!"

படம் ஆடியது. சங்கவி போனை வாங்கி ஜன்னல் கட்டையில் சாய்த்துவைத்தாள். கூடத்து நடுவில் பாய்மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குத்துவிளக்கு. சுடர் அசையாமல் நின்றது. அவளுக்குப் பின்னால் முன்னறைக் கதவு. கருமாதி முடிந்ததிலிருந்து சாத்தி வைத்திருந்த கதவு.

திறந்திருந்தது.

"அப்பா, நான்தான் ஏத்துனேன். பாத்தியா?"

"பாத்தேன்டா தங்கம். எழுந்திரு. அம்மாகிட்ட ஓடு."

"இருப்பா. அம்மா கோழி புடிக்கிறாங்க."

அப்போதுதான் பார்த்தான். பாவாடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த வலது கால். கணுக்காலில் வெள்ளையாக என்னவோ.

"கால்ல இன்னாது பாப்பா?"

அவள் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள். "நூலு."

"யாரு கட்டுனா?"

"தெரியல. அப்பயே இருந்திச்சி."

முறுக்கின நூல். புழுதி படிந்தது. பாய்மேல் தளர்ந்து, வளைந்து வளைந்து, முன்னறை வாசற்படியைத் தாண்டி, இருட்டுக்குள் போயிருந்தது.

"அத அவுத்துடு. ஜல்தி."

"முடிச்சி வரமாட்டுதுப்பா."

வாசலில் கோழி ஒரு தரம் அலறி ஓய்ந்தது. மழைக்காற்று உள்ளே வந்தது. சுடர் படுத்தது. எழுந்தது.

"சங்கவி, கைய வெச்சி மறை! வெளக்க மறை!"

படுத்தது.

அணைந்தது.

படம் கறுத்துப்போனது. போன் வெளிச்சத்தில் அவள் முகமும் பாய்மேல் கிடந்த நூலும் மட்டும் சாம்பலாகத் தெரிந்தன. திரியிலிருந்து ஒரு கோடு புகை. இத்தனை மைல் தள்ளி, மழையில் நின்ற காருக்குள், அந்த நாற்றம் கோபியின் தொண்டையில் வந்து ஒட்டியது.

சாவியைத் திருப்பினான். திருப்பினான். திருப்பினான். எஞ்சின் ஒரு முனகல்கூட முனகவில்லை.

போனில் யாரோ கனைத்தார்கள்.

இரண்டாவது தரம்.

"அப்பா," என்றாள் சங்கவி மெதுவாக.

பாய்மேல் தளர்ந்து கிடந்த நூல் ஒவ்வொரு வளைவாக நிமிர்ந்தது. வாசற்படியிலிருந்து அவள் கணுக்கால்வரை நேராகி, இறுகி, நின்றது.